கருமணலும் பல்லின் வேரும்

மன்னார்த் தீவின் கரையிலே, அலை வந்து மீளுமிடத்தில், வெண்மணலின்மேற் கரிய கோடுகள் படிந்து கிடக்கும். அது இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கூடிய கனியம். தைத்தேனியத்தை டைட்டானியம் என்றும் வழங்குவர். உரூத்தைல் என்னும் தைத்தேனிய ஒட்சைட்டும் அம்மணலிற் சிறிதளவு உண்டு. முத்துக்குளிப்பாற் பெயர்பெற்ற கரையிலே மணலை எவர் பொருட்படுத்தினார்?

இவ்வுலோகத்தின் வரலாறு இத்தகைய கருமணலிலேதான் தொடங்கியது. 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலே, வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் ஓடை மணலை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத பொருளொன்றைக் கண்டார். 1795இல் செருமானிய அறிஞர் கிளாப்புரோத்து, கிரேக்கப் புராணத்துத் தைத்தன்களின் பெயரை அதற்குச் சூட்டினார். பெயர் விரைவிற் கிடைத்தது, உலோகமோ கிடைக்கவில்லை. சூடேறினால் அது ஒட்சிசனை விடாது பற்றிக்கொள்ளும். மகனீசியத்தின் துணையால் அதனைப் பிரிக்கும் முறைக்குக் குரோல் என்பார் 1940இற் காப்புரிமை பெற்றபின்னரே பெருமளவில் ஆக்கும் வழி பிறந்தது.

1952இல் சுவீடனின் லூண்ட் நகரிலே, எலும்பினுட் குருதி ஓடும் முறையை நோக்குதற்காக, பிரானமார்க் என்னும் வைத்தியர் முயலின் காலெலும்பிலே தைத்தேனியக் கருவியொன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்தபின் கழற்ற முயன்றார், இயலவில்லை. எலும்பு அதனோடு ஒன்றாகியிருந்தது. வேறொருவர் கருவி வீணாயிற்றே என்று சலித்திருப்பர். அவரோ செயற்கைப் பல்லுக்கு ஒரு வேர் கிடைத்ததென்று கண்டார். 1965இல் முதன்முறையாக மனிதரின் தாடையில் அவ்வேரை நாட்டினார். மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982இல் தொரன்டோ மாநாடு நடந்தபின்னரே வட அமெரிக்கா மனமிரங்கியது.

எலும்பு பற்றியது எதனை? காற்றுப் பட்ட கணத்திலேயே தைத்தேனியத்தை மெல்லிய ஒட்சைட்டுப் படலம் மூடிவிடுகிறது. உயிர்க்கலம் தொடுவது அப்படலத்தையே. மன்னார் மணலிலுள்ள உரூத்தைலும் அதே சேர்வைதான்!

மேற்பரப்பு வழுவழுப்பாயிருத்தல் நன்றன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. மணல் வீசியும் அமிலமிட்டும் அதனைச் சொரசொரப்பாக்கினர். வீசிய துகள் சில வேளை உலோகத்திலேயே தங்கிவிடும். 1960இல் மைமன் உருவாக்கிய லேசர் ஒளியோ கருவி தீண்டாமலே பொறிக்கிறது. கணப்பொழுதில் மேற்பரப்பு உருகி உறைகிறது; படலமும் தடிக்கிறது. மயிரின் பருமனிற் பத்திலொரு பங்கே அகலமுள்ள சால்களை வரிசையாக வரையலாம். என்புக் கலங்கள், வரப்போரம் நடப்பார்போல, அச்சால்களின் வழியே நீண்டு படர்கின்றன. ஆயினும் ஆய்வுகூடக் கிண்ணம் வேறு, வாய் வேறு. உமிழ்நீரும் பற்றீரியாவும் மெல்லும் விசையும் அங்கே காத்திருக்கின்றன.

உலகில் அகழப்படும் தைத்தேனியக் கனியத்தின் மிகப் பெரும்பகுதி வெண்ணிறப் பூச்சுக்கே போகிறது. தாடைக்குச் செல்வது கடுகளவு. மன்னாரிலோ, தாழ்ந்த அத்தீவைக் கடலினின்று காப்பதும், மழைநீரைக் கிணறுகளுக்குச் சேமித்துவைப்பதும் அந்த மணலே. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், காற்றாலை விரிவாக்கத்தோடு மணல் அகழ்வையும் எதிர்த்து அத்தீவின் மக்கள் வீதியில் இறங்கினர்.