நல்ல ஜர்னலுக்கு மார்க் போட்ட கதை

லாஜிஸ்டிக்ஸில் பி.எச்.டி. செய்யும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. கட்டுரையில் என்ன எழுதினாய் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. எந்த ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்த எண்ணும் பழக்கம் நூலகச் செலவில் ஆரம்பித்தது. 1927-ல் அமெரிக்காவின் போமோனா கல்லூரியில், எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்று கிராஸ் என்ற பெயருடைய இருவர் யோசித்தார்கள். அமெரிக்க வேதியியல் சங்க இதழின் 1926-ம் வருடத் தொகுதியை எடுத்து, அதில் மேற்கோள் காட்டிய 3633 குறிப்புகளை எண்ணினார்கள். ஜெர்மன் இதழ்கள் நிறைய வந்தன. ஆக, முதல் கணக்கே நாட்டு எல்லையைத் தாண்டித்தான் போனது.

1955-ல் யூஜின் கார்ஃபீல்ட் இந்த யோசனையைப் பெரிதாக்கினார். அதிலிருந்து வந்த இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய 2 வருடக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. அவ்வளவுதான். கிளையின் சராசரி டெபாசிட்டைப் பார்த்து ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் கொடுப்போமா?

லாஜிஸ்டிக்ஸின் மூத்த ஜர்னல்களில் இரண்டு: 1970-ல் பிரிட்டனில் ஒன்று, 1978-ல் அமெரிக்காவில் ஒன்று. இரண்டும் ஆங்கிலம். ஒரே வட்டத்து ஆட்கள் தங்களுக்குள் மேற்கோள் காட்டிக்கொண்டாலும் எண் ஏறும். நம் ஊர் லாரி ஷெட்டும் செக்போஸ்ட்டும் அதில் இடம்பெற்றனவா என்று அந்த எண் சொல்லாது.

இங்கே யு.ஜி.சி. 2018-ல் தன் பட்டியலிலிருந்து 4305 ஜர்னல்களை நீக்கியது. பிறகு வந்த கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டது.

எனவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஆசிரியர் குழுவில் எத்தனை நாட்டவர், எழுதுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்கட்டும். நாலு கட்டுரையைப் படிக்கட்டும். மார்க் அப்புறம்.