மரத்துப்போகச் செய்யும் மருந்தின் வரலாறு

உல்லாஸ்நகரிலோ செம்பூரிலோ தாராவியிலோ பல் பிடுங்கிக்கொள்ளச் சென்ற எவருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஈறில் ஊசி குத்துகிறது. சில நிமிடங்களில் அவ்விடம் மரத்துப்போகிறது. நினைவோ தெளிவாகவே இருக்கிறது. இந்த வசதியை நாம் பெறுவதற்கு மருத்துவ உலகம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உழைத்தது. அதன் தொடக்கம் பல்லில் அன்று, கண்ணில்.

1846-ஆம் ஆண்டில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி அறுவை செய்யும் முறை பாஸ்டன் நகரில் நிலைநாட்டப்பட்டது. எனினும் கண் மருத்துவருக்கு அது ஏற்றதாக இல்லை. மயக்கம் தெளியும்போது உண்டாகும் வாந்தியினால் கண்ணில் செய்த அறுவை கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே நோயாளிகள் பலர் விழித்தபடியே வலியைத் தாங்க வேண்டியதாயிற்று.

1884-இல் வியன்னா நகரின் இளம் மருத்துவர் கார்ல் கொல்லர், கோக்கா இலையிலிருந்து எடுத்த கொக்கெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணில் இட்டார். அக்கண் தொடுதலை உணரவில்லை. பின்னர்த் தம் கண்ணிலும் இட்டு, குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார், வலி இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடல்பெர்க் மாநாட்டில் அவர் கட்டுரை படிக்கப்பட்டது. பயணச் செலவுக்குப் பணமின்மையால் அவர் செல்லவில்லை; வேறொரு மருத்துவரே அதைப் படித்தார்.

கொக்கெய்ன் நஞ்சுத்தன்மை உடையது, மனிதரை அடிமைப்படுத்துவது. ஆதலின் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஐன்ஹார்ன் ஆக்கிய புரோகெயின் 1905-இல் வழக்குக்கு வந்தது. அதன் பயன் விரைவில் நீங்கிவிடும். சிலருக்கு ஒவ்வாமையும் தரும். 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கினார். நம் நாட்டில் லிக்னோகெயின் என்று வழங்குவது இதுவே.

இது செயற்படும் முறை யாது? சோடியம் அயனிகள் நரம்பினுள் புகுவதாலேயே வலிச் செய்தி மூளைக்குச் செல்கிறது. அவை புகும் வாயிலை இம்மருந்து அடைத்துவிடுகிறது. அட்ரினலின் சிறிது கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அவ்விடத்திலேயே நெடுநேரம் தங்கும். அளவு மீறி இரத்தத்தில் கலந்தால் வலிப்பு உண்டாகும், இதயமும் தளரும். ஆகவே ஒவ்வாமை, இதயநோய் உடையோர் ஊசிக்கு முன்பே அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கண்ணில் தொடங்கிய இம்மருந்தின் பெரும் பயனைத் தமிழகத்திலும் கண்ணிலேயே காண்கிறோம். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்யப் பழகிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்கு விழியை மட்டும் மரக்கச் செய்தாலே போதும். முழு மயக்கத்திற்கான கருவியும் செலவும் நீண்ட கண்காணிப்பும் பெரும்பாலோர்க்கு வேண்டியதில்லை. அதனாலன்றோ பொருளற்ற முதியோருக்கும் பார்வை மீள்கிறது! பயணத்திற்குப் பணமில்லாத ஓர் இளைஞரின் கண்டுபிடிப்பு ஏழைகளுக்கே பெரிதும் பயன்பட்டது பொருத்தமே.