மொராவிய நட்சத்திரம்
கிறிஸ்துமஸுக்காக அட்டையில் செய்யப்படும் பல முனை நட்சத்திர விளக்கு. 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி நகரில், மொராவிய திருச்சபைப் பள்ளியின் வடிவியல் வகுப்பில் உருவானது. கணக்குப் பாடம் இவ்வளவு அழகாக வீட்டு வாசலுக்கு வந்தது அபூர்வம்.

வழக்கமான வடிவில் சதுர அடி கொண்ட 17 முனைகள், முக்கோண அடி கொண்ட 8 முனைகள். மீதமுள்ள ஒரு சதுரத் திறப்பு விளக்குக்கும் கயிற்றுக்கும். சதுர முனைக்கு, நான்கு ஒடுங்கிய முக்கோணங்களை அடுத்தடுத்து வரைந்து, ஓரத்தில் பசை தடவ விளிம்பு விட்டு வெட்ட வேண்டும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால்தான் தடித்த அட்டை பிசிறின்றி மடியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று ஏற்றி, ஜனவரி 6 வரை எரியவிடுவது மரபு.