முட்டைத்தூளின் கதை: போர்க்கால ரேஷன் முதல் ஏரிக்கரை அடுப்பு வரை

1/
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் கொண்ட ஒரு காட்டுப்பகுதி இருக்கு. பெயர் பவுண்டரி வாட்டர்ஸ். கேனூ எனப்படும் மெல்லிய துடுப்புப் படகில் குடும்பத்தோடு போய், நாட்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ஒரு ஏரி முடிந்தால், படகைத் தோளில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்கணும்.

2/
அதனால மூட்டையில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. உணவை டின்னிலோ கண்ணாடி பாட்டிலிலோ கொண்டுபோக அங்கே தடை. பச்சை முட்டை கொண்டுபோனால் வழியிலேயே உடையும். அதனால் பலரும் எடுத்துப்போவது முட்டைத்தூள். தண்ணீரில் கரைத்து வாணலியில் ஊற்றிக் கிளறினால் பொடிமாஸ் ரெடி.

கேட்க சுலபமா இருக்குல்ல? இந்தக் காலை உணவு பாதுகாப்பானதாக மாற ஏறத்தாழ நூறு வருஷம் ஆனது. அந்த வரலாறுதான் இந்தத் த்ரெட்.

3/
ஓடு நீக்கிய முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை எடுத்துவிட்டால் ஒரு டஜன் முட்டை சுமார் 150 கிராம் தூளில் அடங்கிவிடும். புரதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

திரவத்தைப் பனிபோலத் தெளித்து, சூடான காற்றில் உலர்த்தும் முறைக்கு 1872இல் சாமுவேல் பெர்சி என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் முட்டைத்தூள் தயாரிப்பில் நிலைத்தது இந்த முறைதான்.

4/
20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு உலர்முட்டை பெருமளவில் போனது சீனாவிலிருந்து. 1937இல் ஜப்பான் படையெடுத்த பிறகு அந்த வணிகம் நொடித்தது. அடுத்து வந்தது இரண்டாம் உலகப்போர்.

5/
பிரிட்டனில் 1941 ஜூனில் முட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. பல வாரங்களில் அதுவும் கிடைக்காது. கோழித்தீவனத்தைக் கப்பலில் கொண்டுவர இடமில்லை. முட்டையை முழுசாகக் கொண்டுவரவும் இடமில்லை. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேறு.

தீர்வு அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூள். 1942 கோடையில் கடைகளுக்கு வந்தது. 5 அவுன்ஸ் பாக்கெட் ஒன்று 12 முட்டைக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டி தூள், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். அவ்வளவுதான், ஒரு முட்டை.

6/
மக்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ரப்பர் மாதிரி இருக்கு என்றார்கள். ஆனால் போர் முடிந்து, 1946 பிப்ரவரியில், டாலர் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இறக்குமதியை நிறுத்தப்போவதாக அரசு சொன்னதும் இல்லத்தரசிகள் கொதித்துவிட்டார்கள். அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று.

கிண்டலடித்த அதே தூள்தான் அத்தனை வருஷமும் பிள்ளைகளின் தட்டில் புரதமாக இருந்தது. அது அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும்.

7/
இனி ஒரு மருத்துவராக எனக்கு முக்கியமான பகுதி.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்தத் தூளை ஆராய்ந்து 1947இல் அறிக்கை வெளியிட்டது. சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் சால்மோனெல்லா கிருமி! அதுவரை அந்த நாட்டில் அரிதாக இருந்த சால்மோனெல்லா வகைகளும் தூளோடு கடல் தாண்டி வந்து, நோயாளிகளிடம் தென்பட ஆரம்பித்திருந்தன.

8/
"அவ்வளவு சூடான காற்றில் உலர்த்துறாங்களே டாக்டர், கிருமி சாகாதா?"

நியாயமான கேள்வி. நம்ம மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியா இருக்கு? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகுது. இங்கேயும் அதேதான். சுற்றியுள்ள காற்று நூறு டிகிரிக்கு மேல் கொதித்தாலும், ஆவியாகிக்கொண்டிருக்கும் முட்டைத்துளி அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அதற்குள் உலர்ந்துவிடும். கிருமிகளில் ஒரு பகுதி தப்பிவிடும்.

தப்பியவை தூளுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். தண்ணீர் ஊற்றினால் விழித்துக்கொள்ளும்.

9/
இன்னொரு சிக்கல். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே தொட்டியில் உடைத்து ஊற்றுவார்கள். அதில் ஒன்றில் கிருமி இருந்தாலும் போதும், தொட்டி மொத்தத்துக்கும் பரவிடும்.

10/
அப்போ வழி? உலர்த்துவதற்கு முன்பே திரவ முட்டையைச் சூடாக்கணும். ஆனால் அதிகம் சூடாக்கினால் அது உறைந்து ஆம்லெட் ஆகிவிடும். கிருமி சாகணும், முட்டை உறையக்கூடாது. இடைவெளி ரொம்பக் குறுகல்.

பிரிட்டன் 1963இல் சட்டம் போட்டது: 64.4 டிகிரி செல்சியஸில் குறைந்தது இரண்டரை நிமிடம். அமெரிக்கா 1970இல் முட்டைப் பொருட்கள் அனைத்துக்கும் இந்தப் பாஸ்டரைசேஷனைக் கட்டாயமாக்கியது. படகுக்காரர்கள் இன்று பயமில்லாமல் முட்டைத்தூள் பாக்கெட்டைப் பிரிப்பது இதனால்தான்.

11/
நமக்கும் இதில் பங்குண்டு மக்களே. நம்ம ஈரோடு பக்கமே முட்டைத்தூள் தயாராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

12/
எனவே மலையேற்றமோ படகுப் பயணமோ, முட்டைத்தூள் கொண்டுபோகும் எல்லாருக்கும்:

• பாஸ்டரைஸ் செய்தது என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்க. வீட்டில் முட்டையை உலர்த்திப் பொடிக்க வேண்டாம். 1947இல் கண்ட ஆபத்து அப்படியே திரும்பி வரும்.
• ஏரி நீர் தெளிவாகத்தான் தெரியும். ஜியார்டியா கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரையுங்க.
• கேழ்வரகு மாவு கரைப்பது போல, முதலில் கொஞ்சம் நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதி நீரை ஊற்றுங்க.
• காலையில் வேலை மிச்சம் என்று ராத்திரியே கரைத்து வைக்காதீங்க. அடுப்பு பற்றிய பிறகு கரைத்து, உடனே முழுசாக வேகவையுங்க.

13/
சால்மோனெல்லா பெரும்பாலும் 6 மணி நேரம் முதல் 3 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதியாக வெளிப்படும். ஆரோக்கியமானவர்கள் பலர் தானே தேறிவிடுவார்கள். ஆனால் குழந்தை, முதியவர், கர்ப்பிணிக்கு அது ஆபத்து. ரெண்டு நாள் துடுப்பு போட்டால்தான் சாலையே வரும் என்கிற இடத்தில் நீரிழப்பு ஆளையே சாய்த்துவிடும். மூட்டையில் நாலு ஓஆர்எஸ் பாக்கெட் போட்டுக்கோங்க. அதுவும் தூள்தான், எடையே தெரியாது.

14/
முட்டைத்தூளை இலகுவாக்கியது தொழில்நுட்பம். பாதுகாப்பானதாக்கியது, பேதியோடு வந்தவர்களிடம் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு, பதிலை எழுதி வைத்து, பாக்கெட்டை ஆய்வகம் வரை கொண்டுபோனவர்கள். பொது சுகாதாரம் என்பது பெரும்பாலும் இந்த வேலைதான்.