உயிரைப் பறிக்காத ஒரு துன்பத்தின் வரலாறு

தண்டுவடக் காயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நடையைப் பற்றியே எழுதுகின்றனர். மீண்டும் நடப்பாரா என்பது பார்ப்பவரின் கேள்வி. காயமுற்றவரின் கேள்வி பல வேளைகளில் வேறு. 2004-இல் கிம் ஆண்டர்சன் வெளியிட்ட ஆய்வில் 681 பேர் தம் முன்னுரிமைகளைக் கூறினர். நான்கு உறுப்புகளும் செயலிழந்தோர் கைகளின் இயக்கத்தையும், கால்கள் மட்டும் செயலிழந்தோர் பாலுறவுத் திறனையும் முதலில் வேண்டினர். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு சாராருக்குமே முக்கியமாக இருந்தது.

மருத்துவத்தின் வரிசை இதுவன்று. சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகச் செயலிழப்பும் இந்நோயாளிகளை நெடுங்காலம் கொன்றுவந்தமையால் ஆய்வாளர்களின் கவனம் சிறுநீர்ப்பையின் மீதே குவிந்தது. மலச்சிக்கல் அவ்வாறு கொல்வதில்லை. ஆசனவாயில் வைக்கும் மருந்து, விரலால் தூண்டுதல், பிறர் உதவி என ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்தையும் அதற்கு மேலும் அது விழுங்கும். நாணத்தால் எவரும் பேசாத அந்த நேரம் ஆவணங்களிலும் அரிதாகவே பதிவாகிறது.

லண்டனில் உடலியங்கியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1970-களில் உருவாக்கிய மின்தூண்டற் கருவியும் சிறுநீர்ப்பைக்கானதே. முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள முன்புற நரம்பு வேர்களில் மின்முனைகளைப் பொருத்தி, உடலுக்கு வெளியிலிருந்து அதனை இயக்கினர். அதே வேர்கள் மலக்குடலுக்கும் செல்கின்றன. குடலுக்குக் கிட்டிய பயன் உடன்விளைவாகவே வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் மலக்குடலும் சுருங்கும், ஆசனவாயின் சுருக்குத்தசையும் இறுகும். பையைப் பிழியும் கையே அதன் வாயையும் கட்டுவது போல. ஆனால் அவ்விரு தசைகளின் வேகம் ஒன்றன்று. சில நொடிகள் தூண்டி நிறுத்தினால் சுருக்குத்தசை உடனே தளர்ந்துவிடும். மந்தமான குடற்சுவரோ மேலும் சில நொடிகள் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் மலம் வெளியேறும். தூண்டு, நிறுத்து, மீண்டும் தூண்டு: வழி இவ்வளவே. 1990-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இக்கருவி பொருத்தப்பட்ட பன்னிருவருள் அறுவர் வேறெந்த உதவியுமின்றி முழுமையாக மலம் கழித்தனர்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறுநீர்ப்பை தானே சுருங்கி ஒழுகாதிருக்கப் பின்புற நரம்பு வேர்களை வெட்டும் வழக்கம் 1980-களில் பரவியது. வெட்டினால் அனிச்சையாக எழும் ஆண்குறி விறைப்பு போய்விடும். எஞ்சிய உணர்வு ஏதேனும் இருந்தால் அதுவும் போகும். கால்கள் செயலிழந்தோர் 2004-இல் முதலாவதாகக் கேட்டதை நினைவிற்கொள்க. விந்தை என்னவெனில், 1983-இல் லாஸ் வேகஸ் மருத்துவ மாநாட்டில் ஊசிமருந்தால் விறைப்பை உண்டாக்கலாம் எனத் தம் உடலிலேயே மெய்ப்பித்துக் காட்டியவரும் இதே பிரிண்ட்லிதான். இன்று பலர் அவரை அறிவது அந்தக் கதையால் மட்டுமே.

வயிற்றின் மேல் மின்முனைகளை ஒட்டி வயிற்றுத் தசைகளைச் சுருக்கும் முறை பின்னர் ஆராயப்பட்டது. அதற்குக் கத்தியும் வேண்டா, நரம்பை இழக்கவும் வேண்டா.