கற்றுக் கொடுத்தவர், ஆனால் ஆசிரியர் இல்லை

வாசிப்பு வட்டத்தில் மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, சீட் கிடைக்க இடஒதுக்கீடு சரி. இதய அறுவை சிகிச்சைத் துறையில் பேராசிரியர் ஆகவும் அது எதற்கு? அங்கே திறமையை மட்டும்தானே பார்க்க வேண்டும்?"

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதே துறையில், இதே 'திறமை' என்ற சொல் அமெரிக்காவின் கறுப்பின மக்களை என்ன செய்தது என்று பார்ப்போம்.

1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் அமெரிக்க, கனடா மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். தரத்தை உயர்த்துவதுதான் நோக்கம் என்றார். அப்போது கறுப்பின மாணவர்களுக்கென்று ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. ஹோவர்ட், மெஹாரி இரண்டை மட்டும் வளர்த்தால் போதும் என்றது அறிக்கை. கறுப்பின மருத்துவர்கள் தங்கள் மக்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுக்கட்டும், அறுவை சிகிச்சையைவிட அதுதான் அவர்களுக்கு முக்கியம் என்பது அவர் பார்வை. 1923-க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டன. அவை மூடப்படாமல் இருந்திருந்தால் கூடுதலாகச் சுமார் 35,000 மருத்துவர்கள் உருவாகியிருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வெள்ளையர் கல்லூரிகளில் பெரும்பாலானவை அவர்களைச் சேர்க்கவும் இல்லை. படிக்க இடமில்லாதவர் பேராசிரியர் ஆவது எப்படி?

அதே 1910-இல் பிறந்தவர் விவியன் தாமஸ். மருத்துவராக வேண்டும் என்று தச்சு வேலை செய்து பணம் சேர்த்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் சேமித்து வைத்த வங்கி மூழ்கியது. 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி வேலை. சம்பளப் பட்டியலில் அவருக்குக் கொடுத்த பெயர் துப்புரவுத் தொழிலாளி.

1941-இல் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார்கள். இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாய்ந்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழி தேடச் சொன்னவர் ஹெலன் டாஸிக் என்ற குழந்தை இதய மருத்துவர். அதற்கான அறுவை முறையை நாய்களிடம் மீண்டும் மீண்டும் செய்து தேறியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நின்று தாமஸ் வழி சொன்னார். அந்த முறைக்கு பிளாலாக்–டாஸிக் என்று பெயர் வைத்தார்கள். 1945-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. பகலில் அவரிடம் அறுவை கற்ற வெள்ளை மருத்துவர்களுக்கே, மாலை விருந்துகளில் கூடுதல் வருமானத்துக்காக அவர் மது பரிமாற வேண்டியிருந்தது. 1976-இல்தான் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் ஆசிரியர் பதவியும் கொடுத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு தாமதம். தோழர்களே, அந்த முப்பத்தைந்து ஆண்டும் தாமஸிடம் திறமை இல்லையா?

ஒரே ஒருவர் உள்ளே போனால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு லீவை வாட்கின்ஸைக் காட்டலாம். ஹாப்கின்ஸ் இதய அறுவைத் துறையில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சி மருத்துவர் அவர். தாமஸ் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். 1980-இல், உடலுக்குள் பொருத்தி இதயத்துடிப்பைச் சீராக்கும் தானியங்கிக் கருவியை மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தியவர் வாட்கின்ஸ். அதற்கு முந்தைய ஆண்டே மாணவர் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து, கறுப்பின மாணவர்களைத் தேடித்தேடி அழைத்தார். ஆசிரியர் நாற்காலிக்கு இருக்கும் அதிகாரம் இதுதான்: அடுத்து யார் உள்ளே வருவது என்று அது தீர்மானிக்கிறது.

ஆனாலும் ஒருவர் இருவரால் நூற்றாண்டு அநீதி சரியாகிவிடாது. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 விழுக்காடு. 2018-இல் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களில் அவர்கள் 4 விழுக்காடுகூட இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கில் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை ஏற்ற அதே உச்ச நீதிமன்றம், பேராசிரியர் பதவிகளிலும் மருத்துவத்தின் உயர் சிறப்புப் பிரிவுகளிலும் இடஒதுக்கீடு உகந்ததல்ல என்றது. 2013-இல் எய்ம்ஸ் ஆசிரியர் பணி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்தையே பின்பற்றியது. சுகாதாரம் உங்களுக்கு, அறுவை எங்களுக்கு என்ற 1910-இன் குரல் இதில் கேட்கவில்லையா?

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். திறமையைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பார்க்கும் கண்கள் யாருடையவை என்றும் கேள். உன் கல்லூரியில் துறைவாரியாக எத்தனை ஆசிரியர் பணியிடங்கள், அவற்றில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு. பதில் வந்ததும் வாசிப்பு வட்டத்துக்கு எடுத்து வா. அதிலிருந்து பேசுவோம்.