இரண்டாவது பெயர்

வினாடி வினாப் புத்தகங்களில் தவறாமல் இடம் பெறும் ஒரு கேள்வி உண்டு. கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் பட்டம் வென்ற முதல் இந்தியர் யார்? மகேஷ் பூபதி, 1997, பிரெஞ்சு ஓப்பன், கலப்பு இரட்டையர். நம் பேட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். “கலப்பு இரட்டையர் என்றால் கூட ஒரு பெண் ஆடியிருக்க வேண்டுமே, அவர் யார்?” என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்ட வாத்தியாரே விழிப்பார்.

அந்தப் பெண்ணின் பெயர் ரிகா ஹிராகி. ஜப்பான்காரர். 1971 டிசம்பரில் பிறந்தவர். ஒற்றையர் ஆட்டத்தில் பெரிய நட்சத்திரம் அல்ல. இரட்டையர் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடியவர். 1997 ஜூனில் பாரிஸ் செம்மண் தரையில் அவரும் பூபதியும் சேர்ந்து அமெரிக்காவின் லிசா ரேமண்ட், பேட்ரிக் கால்பிரெய்த் ஜோடியை 6-4, 6-1 என்று வென்றார்கள். நம் நாட்டின் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தில் சரிபாதி அந்த அம்மாளுக்குச் சொந்தம். அதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். பூபதியின் ஆட்ட வாழ்க்கையை அவருடைய கூட்டாளிகளை வைத்தே எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்ததற்கு இதுதான் காரணம்.

முதலில் டென்னிஸ் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒற்றையர் ஆட்டத்துக்குக் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்குப் பக்கத்துக்கு நாலரை அடி கூட்டி 36 அடி. ஆள் இரண்டு மடங்கு, இடமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். ஆகவே இங்கே ஓட்டத்தைவிட நிற்கும் இடம் முக்கியம். ஒருவர் சர்வீஸ் போடும்போது கூட்டாளி வலைக்குப் பக்கத்தில் நின்று, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து விரலால் சைகை காட்டுவார்: நான் குறுக்கே பாயப்போகிறேன், நீ என் இடத்தைப் பார்த்துக்கொள் என்று. இரட்டை நாயனம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் தொடுத்துக்கொள்ள வேண்டும். கேட்பவருக்கு இடைவெளி தெரியக்கூடாது.

மகேஷ் பூபதி 1974 ஜூன் 7-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். ஆனாலும் நாம் முழு உரிமை கொண்டாட முடியாது. வளர்ந்தது மஸ்கட்டில், படித்தது அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில், பிறகு குடியிருந்தது பெங்களூரில். தந்தை கிருஷ்ண பூபதியும் டென்னிஸ்காரர்தான். மகனுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவரே. 1995-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான இரட்டையர் பட்டத்தை அலி ஹமாதே என்ற மாணவருடன் சேர்ந்து வென்றார். அவருடைய கூட்டாளிகளின் வரிசை அங்கிருந்து தொடங்குகிறது.

1997 ஏப்ரலில் நம் சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் லியாண்டர் பயஸும் அவரும் சேர்ந்து முதல் ஏடிபி பட்டம் வென்றார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாரிஸில் ஹிராகியுடன் அந்த வெற்றி. போட்டி நடந்த அந்த இரண்டு வாரத்துக்குள்தான் பூபதிக்கு 23 வயது நிறைந்தது.

பாரிஸ் மைதானத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். லிபெர்த்தே, எகாலித்தே, பிரத்தெர்நித்தே (சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்) என்பதைப் பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டென்னிஸில் இரு தரப்பும் 40 புள்ளியில் சமமாக நிற்கும்போது ஆங்கிலத்தில் ‘டியூஸ்’ என்பார்கள். பாரிஸில் நடுவர் ‘எகாலித்தே’ என்று அறிவிப்பார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், அதுவும் ஓர் இந்தியரும் ஒரு ஜப்பானியரும் கூட்டாக நின்ற களத்தில், அந்தச் சொல் எனக்குக் கூடுதல் பொருளோடு ஒலிக்கிறது.

அந்த மைதானத்துக்கு ரோலான் காரோஸ் என்று பெயர். அவர் டென்னிஸ்காரரே அல்ல. முதல் உலகப் போரில் 1918-இல் உயிர்விட்ட விமானி. 1928-இல் மைதானம் கட்டியது, நான்கு பிரெஞ்சு வீரர்கள் வென்று வந்த டேவிஸ் கோப்பையை உள்ளூரில் தக்கவைத்துக்கொள்ளும் போட்டிக்காக. லகோஸ்த், கொஷே, பொரோத்ரா, ப்ருய்ஞோன் ஆகிய அந்த நால்வரையும் ‘மஸ்கத்தியர்கள்’ என்று கொண்டாடினார்கள். முதல் மூவரும் ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றவர்கள். நாலாமவர் ஜாக் ப்ருய்ஞோனுக்கு ஒற்றையரில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் ஆண்கள் இரட்டையரில் பத்து. பிரெஞ்சுக்காரர்கள் அவரை ஓரம் கட்டவில்லை. ரோலான் காரோஸ் ஆண்கள் இரட்டையர் கோப்பைக்கு இன்று அவர் பெயர்தான். அந்தக் கோப்பையைப் பயஸும் பூபதியும் 1999-லும் 2001-லும் கையில் ஏந்தினார்கள்.

1999 அவர்களுடைய பொற்காலம். நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் இறுதிக்கு வந்து, பாரிஸையும் விம்பிள்டனையும் வென்றார்கள். உலகத் தரவரிசையில் முதலிடம். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையரில் பூபதி மறுபடி ஒரு ஜப்பானியப் பெண்ணோடு சேர்ந்தார்: யோகோஹாமாவில் பிறந்த ஐ சுகியாமா. கிம்பர்லி போ, டொனால்ட் ஜான்சன் ஜோடியை 6-4, 6-4 என்று வென்றார்கள். சுகியாமாவுக்கு அது முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம். மறுவருடமே அவர் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு ஏறினார். பிறகு மகளிர் இரட்டையரில் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். 1994 விம்பிள்டன் முதல் 2009 அமெரிக்க ஓப்பன் வரை ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து 62 கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் ஒற்றையர் ஆடினார். ஒரு நாள் லீவு போடாமல் பதினைந்து வருஷம் அலுவலகம் வந்த ஆளை நான் பார்த்ததில்லை.

இந்தியருக்கும் ஜப்பானியருக்கும் இதில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஜப்பானுக்கு முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம் 1934 விம்பிள்டனில் கிடைத்தது. ரியூகி மிகி, இங்கிலாந்தின் டோரதி ரவுண்டுடன் சேர்ந்து வென்ற கலப்பு இரட்டையர் அது. 1955-இல் கோசெய் காமோ, அட்சுஷி மியாகி ஜோடி அமெரிக்க இரட்டையர் பட்டம் வென்றது. 1975-இல் கஸுகோ சவமட்சு விம்பிள்டன் மகளிர் இரட்டையரில் வென்றார். 2018-இல் நவோமி ஒசாகா வரும்வரை ஒற்றையரில் ஜப்பானுக்கு ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட இல்லை. நமக்கோ இன்னமும் இல்லை.

நம் பக்கமும் அப்படித்தான். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதி வரை போனார். அதற்கு மேல் வழி திறக்கவில்லை. 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் நாம் 4-1 என்று தோற்றபோது, கிடைத்த அந்த ஒரே ஒரு புள்ளி எதில் வந்தது? இரட்டையரில். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் என்ற மாபெரும் ஜோடியைத் தோற்கடித்தார்கள். சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய்யும் ஆனந்தும் 1976 விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதிக்குப் போனார்கள். ஆசியாக்காரனுக்குப் பெரிய வீட்டின் தலைவாசல் பூட்டியிருந்தது. பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே போனான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கவாசல் வழியாக வந்தவனுக்கு மாலை மரியாதை குறைவுதான். ஆனால் உள்ளே போனது போனதுதானே.

பூபதி மொத்தம் 12 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றார். ஆண்கள் இரட்டையரில் நான்கு: மூன்று பயஸோடு, ஒன்று 2002 அமெரிக்க ஓப்பனில் பெலாரஸின் மாக்ஸ் மிர்னியோடு. கலப்பு இரட்டையரில் எட்டு. ஹிராகி, சுகியாமாவுக்குப் பிறகு ரஷ்யாவின் லிகோவ்ட்சேவா, பிரான்சின் மேரி பியர்ஸ், ஸ்லோவாக்கியாவின் ஹன்டுசோவா, சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ் என்று வரிசை நீளும். 2006 ஆஸ்திரேலிய ஓப்பனோடு நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் கலப்பு இரட்டையர் வென்றவர் ஆனார். இத்தனை பேரோடும் பேசும் மொழி வேறு, ஆடும் பாணி வேறு. யாரோடு நின்றாலும் அவர்களுடைய குறையைத் தன் ஆட்டத்தால் மூடத் தெரிந்திருந்தது அவருக்கு.

கடைசி இரண்டு கலப்புப் பட்டங்களும் சானியா மிர்சாவுடன். 2009 ஆஸ்திரேலிய ஓப்பனில் நத்தலி தெஷி, ஆண்டி ராம் ஜோடியை 6-3, 6-1 என்று வென்றபோது, கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார் சானியா. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இந்திய ஆணுக்கு முதல் பட்டம் கிடைக்கப் பக்கத்தில் நின்றவர் ஒரு ஜப்பானியப் பெண். இந்தியப் பெண்ணுக்கு முதல் பட்டம் கிடைக்கப் பக்கத்தில் நின்றவர் பூபதி. ஓரிடத்தில் வாங்கிய கடனை இன்னோரிடத்தில் வட்டியோடு தீர்த்ததுபோல் இருக்கிறது. 2012 ஜூன் 7, அவருடைய 38-ஆவது பிறந்தநாள் அன்று, சானியாவோடு சேர்ந்து பாரிஸில் கடைசிக் கிராண்ட்ஸ்லாமை வென்றார். தொடங்கிய அதே செம்மண்.

இதுவரை சொன்னது இனிப்பு. இனிச் சொல்வது வேப்பங்காய்.

யாரோடும் சேர்ந்து ஆடத் தெரிந்த மனிதருக்கு, முதல் கூட்டாளியோடு மட்டும் ஒட்டவில்லை. பயஸும் பூபதியும் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். பேச்சுவார்த்தை சரியில்லாத காலத்திலும் நாட்டுக்காகக் களம் இறங்கினால் ஜெயித்தார்கள். டேவிஸ் கோப்பையில் தொடர்ந்து 24 இரட்டையர் ஆட்டங்கள் வென்ற சாதனை அவர்களுடையது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷியாவின் அஞ்சிச், லுபிசிச் ஜோடியிடம் கடைசி செட்டை 16-14 என்று இழந்தார்கள். அந்தப் பதக்கம் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்னவோ.

2012-இல் பாரிஸ் வெற்றியின் ஈரம் காய்வதற்குள் லண்டன் ஒலிம்பிக் தகராறு வெடித்தது. பயஸோடு ஆட மாட்டேன், ரோகன் போபண்ணாவோடுதான் ஆடுவேன் என்றார் பூபதி. போபண்ணாவும் பயஸோடு ஆட மறுத்தார். கடைசியில் இரண்டு ஜோடிகள் போயின: பூபதி, போபண்ணா ஒன்று, பயஸ், இளைஞர் விஷ்ணு வர்தன் ஒன்று. இரண்டுமே இரண்டாம் சுற்றில் பிரெஞ்சு ஜோடிகளிடம் தோற்றன. பயஸைச் சமாதானப்படுத்தக் கலப்பு இரட்டையரில் சானியாவை அவரோடு சேர்த்தார்கள். தன்னைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்று சானியா வெளிப்படையாகவே வருந்தினார். பாரிஸில் அப்போதுதான் வென்ற ஜோடி லண்டனில் ஒன்றாக ஆடவே இல்லை. சானியாவும் பயஸும் காலிறுதியில் தோற்றது யாரிடம் தெரியுமா? தங்கப் பதக்கம் வென்ற அசரென்கா, மாக்ஸ் மிர்னி ஜோடியிடம். பூபதியின் பழைய கூட்டாளியேதான் அந்த மிர்னி.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு பேருக்கும் சொல்ல நியாயம் இருந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்வேன். இரட்டையர் பட்டத்தை இரண்டு பேருக்கும் சரிசமமாகக் கொடுக்க நமக்குத் தெரியவில்லை. ‘பயஸ் வென்றார்’, ‘பூபதி வென்றார்’ என்றுதான் தலைப்புப் போட்டோம். வெளிநாட்டுக் கூட்டாளி என்றால் ‘தன் ஜோடியுடன்’ என்று முடித்துக்கொண்டோம். இரண்டாவது பெயரைச் சொல்லாத ஊரில், இரண்டாவது பெயராக இருக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இன்றும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்த வழியில்தான் போகிறார்கள். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன் 2017 ஜனவரியில் போபண்ணாவுடன் சேர்ந்து சென்னை ஓப்பன் வென்றார். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் அவரும் விஜய் சுந்தர் பிரசாந்தும் முதல் செட்டை இழந்த பிறகு மீண்டு வந்து பட்டம் வென்றார்கள். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி 2024 ஒலிம்பிக்கில் போபண்ணாவோடு ஆடினார். அதுவும் அதே ரோலான் காரோஸ் மைதானத்தில்தான். முதல் சுற்றில் பிரெஞ்சு ஜோடியிடம் தோற்றார்கள். செய்தியில் போபண்ணாவின் ஓய்வு பெரிதாக வந்தது. பாலாஜியின் பெயர் ஒரு வரியில் வந்தது.

எனவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை பேரனோ பேத்தியோ அந்த வினாடி வினாக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தால், விடையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: மகேஷ் பூபதியும் ரிகா ஹிராகியும். மதிப்பெண் கூடாது. சரித்திரம் சரியாக இருக்கும்.